நியூட்ரலில் விட்ட அம்பாசடர்

மத்தியானம் மூன்று மணி. சித்திரை வெயில். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் ஈ காக்காய் இல்லை... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். நம் ஊர் சமுத்திரம் இருக்கிறாரே, அவர் மச்சினன் ஐயாதுரைக்கு நடந்தது இது. எண்பத்தேழாம் வருஷம்.

ஐயாதுரை, பஞ்சு வியாபாரி சௌந்தரபாண்டியனிடம் டிரைவர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு லீவு. அந்த மூன்று மணி வெயிலில் முதலாளியே அம்பாசடரை ஓட்டிக்கொண்டு போனார். கண்மாய் இறக்கத்தில், தலையில் மோர்ப்பானையோடு நடந்து போன அய்யம்மாளை அடித்துத் தூக்கினார். நிறுத்தவில்லை. அந்த மனுஷி சாயங்காலம்வரை உயிரோடு கிடந்தாளாம். நிறுத்தித் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாள். வயிறு எரிகிறதா இல்லையா?

இருட்டுவதற்குள் முதலாளி ஐயாதுரை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீதாம் ஓட்டுனன்னு சொல்லீரு. ஒரு வருசம் உள்ள இருப்ப. ஒங் குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவன் பெண்டாட்டி செல்லக்கனிக்கு அப்போது ஏழு மாசம். வேலை போனால் கஞ்சிக்கு வழியில்லை. ஐயாதுரை தலையை ஆட்டிவிட்டான். ஆட்டிய தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல அவனுக்கு அவன்மேலேயே ஆத்திரம்.

ஐயாதுரையை ஜாமீனில் விட்டு, பிடித்து வைத்திருந்த அம்பாசடரையும் போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அது ஆரம்பித்தது. முதலாளி மகா கஞ்சன். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் தள்ளி, வண்டியைச் சும்மா உருளவிட வேண்டும், பெட்ரோல் மிச்சமாம். முன்பெல்லாம் கண்மாய் இறக்கத்தில் விட்டால் பாலத்தைத் தாண்டியும் ஓடும். இப்போது... பாதி இறக்கத்திலேயே தளர்ந்தது. ஸ்பீடாமீட்டர் முள் முப்பது, இருபது, பத்து என்று இறங்கியது. டயருக்கடியில் மணல் நெரிகிற சத்தம் மட்டும்... கர்ர்... கர்ர்... கூடவே புளித்த மோர் வாடை.

மெக்கானிக் தேவஇரக்கம் நாலு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் லேசாகத்தான் சுற்றின.

"எந்த வண்டியையும் டயரும் பேரிங்கும் லேசா இழுக்கத்தாம் செய்யும். வேகமாப் போகையில தெரியாது. மெதுவாப் போகையில நல்லாத் தெரியும்," என்றவர் துணியில் கையைத் துடைத்தார். "ஆனா எல்லா எடத்துலயும்லா இழுக்கணும்? ஒரே எடத்துல மட்டும்னா எனக்குத் தெரியாதுப்பா."

கோர்ட்டில் ஐயாதுரை ஒப்புக்கொள்ள வேண்டிய நாளும் வந்தது. காலை ஒன்பதரை மணி. பின்சீட்டில் முதலாளி, செண்டு மணக்க. வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

"நாந்தாம் ஓட்டுனேன்னு மட்டும் சொல்லு. வேற வாயத் தெறக்காத."

கண்மாய் இறக்கம். நியூட்ரல். இருபது... பத்து... ஐந்து...

"ஏம்லே பிரேக்க மிதிக்க?"

ஐயாதுரை இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் மடக்கி வைத்தான்.

"பாத்துக்கிடுங்க மொதலாளி. நான் மிதிக்கல." இத்தனை மாசம் விழுங்கிய கோபம் தொண்டைக்கு வந்துவிட்டது. "நீங்கதாம் அன்னைக்கு மிதிச்சிருக்கணும். மிதிச்சிருந்தா அந்தப் பொம்பள இன்னைக்கும் மோரு வித்துக்கிட்டிருப்பா."

வண்டி இறக்கத்திலேயே நின்றது. கதவு திறக்கவில்லை. யாரும் ஏறவில்லை... ஆனால் பின்சீட்டு ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது. ஐயாதுரை கண்ணாடியில் பார்த்தான். முதலாளி வலது பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இடது பக்கம் சீட்டில், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளம். மோர் வாடை வண்டி முழுக்க நிறைந்தது. எஞ்சினைக் கிளப்பிக் கியரைப் போட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் முதலாளி அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

கோர்ட்டில் அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். வண்டியை ஓட்டியது நீதானா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றால் ஜெயில். இல்லை என்றால் செல்லக்கனிக்குச் சோறில்லை. 

பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம். முதலாளி எழுந்து நின்றார். நீதிபதியை அவர் பார்க்கவே இல்லை. தன் இடது பக்கம், ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கெஞ்சினார்.

"நாந்தாம் ஓட்டுனேன் ஆத்தா... சொல்லிட்டேம்லா. கைய எடு."

கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் தோளில் சட்டை இன்னும் கசங்கிக்கொண்டே இருந்தது.