பார்த்துத் தருகிறேன் என்றேன்

தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம், "சாப்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்கு மாத்திரையே தேவைப்படாது. டீயும் பன்னும் போதும் என்று அனுப்பிவிடுவேன். மந்தாரக்குப்பத்தில் பெனடிக்ட் மெடிக்கல் பற்றி யாரை விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள், சார்.

மெர்லின் எதிர்வரிசையில் ஜெனரிக் மருந்துக்கடை திறந்தபோது நானும் போய் வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன். எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற பெண். பார்மசி படித்தவள். அதே மருந்துதான், பெரிய கம்பெனிப் பேர் இல்லை, அதனால்தான் விலை குறைவு என்று வருகிறவர்களுக்குப் பொறுமையாக விளக்குவாள். அதில் பொய் இல்லை. அட்டையில் எந்தப் பேர் இருந்தாலும் உள்ளே இருப்பது காய்ச்சல் மருந்துதான் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து பஸ் இறங்குகிற கான்ட்ராக்ட் ஆட்கள் என் கடையைத் தாண்டி அங்கே போக ஆரம்பித்தார்கள். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, விலை குறைந்த மருந்து கெட்ட மருந்தாக இருக்குமோ என்று. அந்தப் பயம் ஒரே ஒரு முறை பலித்தால் போதும் என்று காத்திருந்தேன். பலிக்கவில்லை. அவள் மருந்து எல்லாருக்கும் கேட்டது.

அப்போதுதான் அன்புக்கரசி வந்தாள். மைன்ஸில் கான்ட்ராக்டில் பெருக்கும் வேலை செய்கிறவள். இடுப்பில் மகள் யாழினி. இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத குழந்தை. உடம்பு அனலாகக் கொதித்தது. மெர்லினிடம் வாங்கிய காய்ச்சல் சிரப் அன்புக்கரசி கையில் இருந்தது.

"அண்ணே, இது நல்ல மருந்துதானுங்களா? பக்கத்து வூட்டுல பயமுறுத்திக்கினு இருக்காங்க. நீங்க பாத்துச் சொன்னா குடுப்பேன்."

"குடும்மா, பார்த்துத் தரேன்."

பாட்டிலைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு கேன் இருந்தது. அதில் என்ன இருந்தது என்பதை உங்கள் லேப் ரிப்போர்ட்டே சொல்லும். குழந்தை துப்பாது என்பதும் எனக்குத் தெரியும். கலந்து, மூடியைத் திருகி, வெளியே கொண்டுவந்தேன். யாழினி கண்ணாடி டப்பாவில் இருந்த மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

"தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. விடாம குடு," என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். குழந்தை தோளில் துவண்டு கிடந்தது. முகம் ஊதியிருந்தது.

"ஒன்னுக்கே போவ மாட்டேங்குதுண்ணே. வாந்தி எடுத்துக்கினே இருக்குது."

அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பார்கள். அது தெரியாதவன் இல்லை நான். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படி ஒரே கேள்விதான் கேட்டேன்.

"மருந்து எங்கம்மா வாங்குனே?"

"மெர்லின் கடையிலங்க."

நான் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினேன்.

பாண்டி ஆஸ்பத்திரியில் யாழினி இறந்தாள். சேதி வந்த மாலையே மெர்லின் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அவளைத் தலைமுடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து அடித்தார்கள். அவளுடைய அப்பா சேவியர்ராஜ் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெனடிக்ட், நீ சொன்னா கேப்பாங்க. எம் பொண்ணு மருந்துல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா."

கூட்டத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன்: "அந்த மருந்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாதுங்க."

மறுபடியும் அடித்தார்கள். மெர்லினுக்கு இடது கண் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். குழந்தையின் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். அன்புக்கரசி என் காலில் விழுந்து, "உங்ககிட்டயே வாங்கியிருக்கணும்ணே," என்று அழுதாள். அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

மெர்லின் கடையில் மீதியிருந்த பாட்டில்களில் ஒன்றிலும் குறையில்லை என்று ரிப்போர்ட் வந்தபிறகுதான், பாட்டில் வேறு யார் கைக்காவது போனதா என்று நீங்கள் அன்புக்கரசியைக் கேட்டிருக்கிறீர்கள். அவள் என் பேரைச் சொல்லியிருக்கிறாள்.

ஆமாம் சார். கலந்தது நான்தான். குழந்தை செத்துப்போகும் என்று தெரிந்தே கலந்தேன். மெர்லினுக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் விடாமல் எழுதுங்கள்: என் கடையில் வாங்கிய மருந்தால் இன்றுவரை ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆனதில்லை.