இரண்டு முறை வாசிக்கப்பட்ட பெயர்

தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, உள்ளே வர மனமின்றி வாசலில் நிற்கும் பழைய தோழர்களே, முன்வரிசையில் அருகருகே அமர்ந்திருக்கும் என் அம்மா அசுந்தாவே, ஜெம்மா சித்தியே, அனைவருக்கும் வணக்கம்.

நம் செய்திசொல்லி ஒரேஸ்தே மர்க்கெஜானி அவர்களை நேற்று மண்ணில் வைத்தோம்.

அவருடைய நாற்காலி இதோ இருக்கிறது. சங்கத்துக் காப்பிக்கடை வாசலில் இதன்மேல் ஏறி நிற்பார். உள்ளே ரேடியோ தலைநகர் ரோமாபுரியின் மொழியில் பேசும். ஒரு வாக்கியம் கேட்பார். நம் மலைப்பேச்சில் திருப்பிச் சொல்வார். கூட்டமாட்டார். குறைக்கமாட்டார். மழையும் போரும் ஒரே குரலில்தான். தொலைக்காட்சி வந்த பிறகும் இங்குள்ள முதியவர்கள் உலகத்தை அவர் வாயால்தான் கேட்டார்கள்.

ஐம்பத்தாறாம் ஆண்டை இந்த ஊர் எப்படி அறிந்தது? அவரால் அறிந்தது. பிப்ரவரியில் ஐரோப்பா முழுவதும் பனி. ஒலிவ மரங்கள் பிளந்தன. கோடையில் நம் நாட்டுப் பெரிய கப்பல் அமெரிக்கக் கரைக்கு அருகே மூழ்கியது. எகிப்து தன் கால்வாயைத் தனதென்றது.

"அது அவங்க ஊர்லதானே இருக்கு? இத்தனை நாளா யாரோடதாம்?" என்று கீழேயிருந்து யாரோ கேட்டாராம்.

"ரேடியோ சொல்லலை. அதனால நானும் சொல்லலை."

பிறகு ஆகஸ்ட். நம் ஊர் ஆண்கள் வேலைக்குப் போயிருந்த பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்தில் காலை வேளையில் தீ.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர். கொலாந்தோனி வீட்டு அண்ணனும் தம்பியும் தங்கள் மூத்த மகன்களுக்கு அதே பெயரை வைத்தார்கள். ஆகவே அந்தச் சுரங்கத்தில் இரண்டு சவேரியோ கொலாந்தோனிகள். ஒருவர் என் அப்பா. மற்றவர் ஜெம்மா சித்தியின் கணவர். ஒருவர் காலையில் இறங்குவார், மற்றவர் மாலையில். ஒன்றாக இறங்கியதே இல்லை.

இறந்தவர்களின் பெயர்களை ரேடியோ வாசித்தது. சவேரியோ கொலாந்தோனி என்றது. மறுபடியும் சவேரியோ கொலாந்தோனி என்றது. வாசிப்பவருக்கு நாக்குத் தடுமாறிவிட்டது என்று ஒரேஸ்தே நினைத்தார். வாசலுக்கு வந்து ஒரு முறை சொன்னார்.

"எந்தச் சவேரியோண்ணே?" என்று கேட்டவர் என் அம்மா.

"தெரியலை தங்கச்சி. ரேடியோவுக்கு நம்ம வீட்டு ஆளுங்களையா தெரியும்?"

ஒரு வீடு. ஒரு அடுப்பு. இரண்டு பெண்கள். ஒருத்தி விதவை. யார்? தன் கணவர் பிழைக்கவேண்டும் என்று ஒருத்தி வேண்டினால், மற்றவளுக்கு அது என்ன?

"உன் வீட்டுக்காரருதான் எப்பவும் காலை ஷிப்டு" என்றார் அம்மா.

"போன மாசமே மாத்திட்டாங்களே. உங்க வீட்டுக்காரரு உங்களுக்கு எழுதலையாக்கும்?" என்றார் சித்தி.

அதன்பின் அவர்கள் பேசவில்லை. தனித்தனியாகச் சமைத்தார்கள். எனக்கு அப்போது நடக்க மட்டுமே தெரியும். அந்த அடுப்படியில் யாரிடம் போயிருப்பேன்?

தந்தி வந்தது. இரண்டு தந்திகள்.

அன்று ஏன் ஒன்றாக இறங்கினார்கள்? யாரைக் கேட்பது?

ஒரேஸ்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ரேடியோ ரெண்டு தடவை சொல்லிச்சு. நான் ஒரு தடவை சொன்னேன்."

ஜெம்மா சித்தி கேட்டார்: "ரெண்டு தடவை சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்ணே?"

"ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பீங்க."

அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே பிழை அது. அதை அவர் யார்மேலும் சுமத்தவில்லை. ரேடியோவின் மேல்கூட இல்லை.

வாசலில் நிற்கும் தோழர்களே, அடுத்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். நவம்பர். புடாபெஸ்ட் தெருக்களில் டாங்கிகள். கடைக்குள் உங்களில் ஒருவர் அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, டாங்கி நம்ம செங்கொடி ஆளுங்களோடது. அந்த வரியை மட்டும் முழுங்கிடுங்க."

"ஒரு தடவை முழுங்கினேன். இன்னும் தொண்டையிலேயே நிக்குது."

நாற்காலியில் ஏறினார். சொன்னார். அன்று இதன் ஒரு கால் உடைக்கப்பட்டது. பாருங்கள், இந்தக் கால் மட்டும் வேறு மரம். நீங்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினீர்கள். செய்தி கேட்க மட்டும் வந்தீர்கள். அவர் உங்களுக்கும் சேர்த்தே சொன்னார். இது சிறிய காரியமா?

நான் பல்கலைக்கழகத்தில் நிறையப் படித்தேன். அந்த இரண்டு வாசிப்புகளில் எது என் அப்பாவுடையது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரேஸ்தே இந்த நாற்காலியில் ஏறி அந்தப் பெயரை இரண்டு முறை சொல்வார். அம்மாவும் சித்தியும் கைகோத்து நிற்பார்கள். இரண்டுமே இருவருக்கும்.

செய்தி நேரம் நெருங்குகிறது. இன்றுமுதல் இந்த நாற்காலியில் நான் ஏறுகிறேன். கூட்டமாட்டேன். குறைக்கமாட்டேன். உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்வேன்; எனக்குப் பிடிக்காததையும்.

யாராவது ரேடியோவைத் திறந்து வையுங்கள். அது பேசத் தொடங்கும் முன் நம் ஊர்ச் செய்தி.

ஒரேஸ்தே மர்க்கெஜானி இறந்துவிட்டார்.

ஒரு முறைதான் சொல்கிறேன். ஒருவர்தான் இருந்தார்.