டாக்டர் வீட்டு மாத்திரை

என் வீட்டுக்காரர் பசியாறாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் தோசையோ இடியப்பமோ மேசைக்கு வந்துவிடும், பக்கத்தில் சின்னத் தட்டில் அவருடைய மாத்திரைகளும் இருக்கும். அவர் மாத்திரையைப் பார்த்து விழுங்குகிற ஆள் இல்லை, என்னைப் பார்த்து விழுங்குகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தைக் கவனிக்காதவள் என்று என்னைப் பற்றி யாரும் எழுதிவிடக் கூடாது.

இன்ஸ்பெக்டர் புனிதா, நான் சொன்னதை நீங்கள் மலாயில் எழுதிக்கொண்டீர்கள். வாசித்துப் பார்த்தேன். நடந்தது எல்லாம் இருக்கிறது, நியாயம்தான் விட்டுப்போயிருக்கிறது. பதினோரு வருஷமாகக் கோயில் மாதர் பிரிவின் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். விட்டுப்போனதைச் சேர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் இதைத் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

நான் கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு இப்போது அங்கே வீடுகள் வரிசையாக ஒரு தாமான் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை டிரசர் என்போம். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுப்பார். ஆனாலும் திருவிழாவில் அவர் மனைவிக்கு நாற்காலி போடுவார்கள். பால்மரம் சீவிவிட்டு வந்த என் அம்மாவுக்குத் தரை. எனக்கு யார் மேலும் கோபமில்லை. நாற்காலி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சிறுவயதிலேயே தெரிந்துகொண்டேன்.

என் மகள் ஷர்மினிக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தோம். மாலை, பொன்னாடை, ஆளுயரப் பதாகை. அவள் அதுவரை ஒரு நோயாளியின் கையைக்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை, பதாகையில் டாக்டர் ஷர்மினி என்றுதான் போட்டிருந்தது. நம் பழக்கமே அதுதானே. அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகைகள் 'டாக்டர் ஷர்மினி குடும்பத்தார்' என்று பெயர் போட்டு வந்தன. எங்கள் தாமானில் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நானும் பார்த்துச் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாமலா போகும்.

மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு வந்தவள், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"மா, எனக்கு மெடிசின் சரிப்பட்டு வரலமா. பிசியோதெரபிக்கு மாறிக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"ஏன், மார்க் கொறஞ்சிருச்சா?"

"மார்க்கெல்லாம் இருக்கு. வார்டுல ஒரு ஆளுகிட்ட ரெண்டு நிமிஷம் நிக்கிறோம், பேருகூட கேக்காம அடுத்த கட்டிலுக்குப் போயிடுறோம். எனக்கு அந்த ஆளு எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் கூட இருக்கணும்னு இருக்குமா."

நான் கத்தவில்லை. முறைப்படி ஒரு நாள் அழுதேன், மதியச் சாப்பாட்டை மட்டும் விட்டேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. பதாகையில் போட்ட பெயரை எந்த முகத்தோடு போய் அழிப்பது? பிசியோவின் அம்மாவை எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள்? ஆனால் பிள்ளை 'யோசிக்கிறேன்' என்றுதான் சொன்னாள். முடிவு செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் படுத்த படுக்கையாகக் கிடந்ததில்லை. டாக்டரின் அருமை அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்காகப் பெற்ற பிள்ளைக்கே நோய் வரவேண்டும் என்று நினைக்க நான் என்ன ராட்சசியா? அப்பாவுக்கு வந்தால் போதும் என்று தோன்றியது. அவருக்கோ பத்து வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது. புதிதாக நான் எதையும் கொண்டுவரவில்லை. இருந்ததைத் தடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

அரசாங்க கிளினிக்கில் மாதாமாதம் மருந்தை நான்தான் வாங்கி வருவேன். அதை எடுத்து வைத்துவிட்டு, அதே வெள்ளை நிறத்தில் சத்து மாத்திரை வாங்கித் தட்டில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்து விழுங்கினார். ஷர்மினி தொலைபேசியில் கேட்பாள்.

"அப்பா மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாராமா?"

"நானே என் கையால எடுத்துக் குடுக்கிறேன்லா."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நான்காவது மாதம் அவர் ஒருநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றினார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் புண். காலுறையில் இரத்தம் ஒட்டியிருந்தது.

"நவம், எனக்கு வலியே தெரியல பாரேன்," என்றார். ஏதோ பரிசு விழுந்ததுபோலச் சிரித்தார்.

"நல்லதுதானே," என்றேன்.

புண் கறுக்கத் தொடங்கியபோது ஷர்மினிக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பொறுப்புள்ள எந்தத் தாய் அந்த நேரத்தில் பிள்ளையின் மனத்தைக் கலைப்பாள்? பன்னிரண்டு நாள் பொறுத்தோம். அவருக்குக் காய்ச்சல், நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். தேர்வு முடிந்த அன்று மாலையே மகளுக்குச் சொல்லிவிட்டு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பத்து நாளுக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஷர்மினி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள்.

வார்டுக் கதவுக்கு வெளியே அவள் சுவரில் சாய்ந்து அழுததைப் பார்த்தேன். மனசு கலங்கியது. அதோடு, இனி இவள் படிப்பை விடமாட்டாள் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதுதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் மருத்துவமனையில் மர்ஜானா என்றொரு பெண் இருந்தாள். ஹுத்தான் மெலிந்தாங்கில் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். பிசியோ வேலை. பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாத பெண். செயற்கைக் கால் பொருத்தி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அவரை நிறுத்தினாள்.

"கீழ பாக்காதீங்க அங்கிள். என்னையப் பாருங்க. ஒரே அடிதான்லா, வாங்க."

"விழுந்துட்டேன்னா பிள்ளே?"

"நானும்ல கூட விழுவேன். சேந்து எந்திரிப்போம்."

நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல விம்மி அழுதார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஷர்மினி ஓடிப்போய் இன்னொரு பக்கம் பிடித்தாள். மூன்று பேரும் கம்பியின் அந்தக் கோடி வரை போனார்கள். நான் அவருடைய கைத்தடியை வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மா, இனி யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பிசியோதான் படிக்கப் போறேன். அப்பா காலு போனதுதாமா எனக்கு வழி காட்டுச்சு."

அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இத்தனை மாதம் நான் பட்ட பாடு.

இரண்டு வாரம் அப்பாவுக்கு மருந்தை அவளே கொடுத்தாள். பிறகு படிப்பு மாற்ற விண்ணப்பம் கொடுக்கக் கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். விண்ணப்பம்தான், பதில் இன்னும் வரவில்லை. பதில் வரும்வரை மனம் மாறலாம்.

இனி நான் அகப்பட்ட கதை. அதிலும் என் நேர்மைதான் காரணம். பயன்படுத்தாத மருந்தை வீசக் கூடாது, கிளினிக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் மாதர் பிரிவில் ஒருவர் வந்து பேசினார். அதை மூன்றாவது தீர்மானமாக நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியவளே கடைப்பிடிக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? சேர்த்து வைத்திருந்த மருந்தையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு கிளினிக் மருந்து முகப்பில் கொடுத்தேன். ஒரு மாத்திரைகூட நான் வீணாக்கவில்லை. அங்கிருந்த மருந்தாளர் தினேஸ்வரி பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே ஒட்டியிருந்த பெயரையும் தேதியையும் வாசித்தாள்.

"அக்கா, இதெல்லாம் அங்கிள் சாப்பிட வேண்டியதுலா. அப்ப அவரு என்னத்த சாப்பிட்டாரு?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நீங்கள் என் வீட்டுக்காரரிடமும் விசாரித்தீர்களாம். நவம் அப்படிச் செய்யமாட்டாள், நான்தான் மாத்திரையைத் துப்பியிருப்பேன் என்று சொன்னாராம். வெகுளி மனுஷன். அவர் சொன்னதை எழுத வேண்டாம், மருந்தை மாற்றி வைத்தது நான்தான்.

கடைசியாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள், அதற்கு இங்கே பதில் எழுதுகிறேன். காலை எடுத்த பிறகு டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தாரே, மகள் போன பிறகு வாங்கிய அந்தப் பைகளும் பிரிக்காமல் ஏன் அப்படியே இருக்கின்றன என்று. நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர், தப்பு செய்தால் ஒப்புக்கொள்ளும் குணம் எனக்கு உண்டு. கால் விஷயத்தில் நான் தப்புச் செய்துவிட்டேன். காலுக்குப் பிசியோ இருக்கிறது என்பதை யோசிக்காமல் விட்டது என் அவசர புத்தி. இந்தத் தடவை டாக்டரிடமே நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்துப் பழுதாவது சிறுநீரகமாம். சிறுநீரகத்துக்குப் பிசியோ கிடையாது, அதற்கு டாக்டர்தான் வேண்டும்.