எங்கள் தெருவுக்கு வராத தண்டோரா

ஓடுகிறோம். என் தங்கை பூவாயி ஒரு கையால் என்னைப் பிடித்திருக்கிறாள். மறு கையில் ஆட்டுக் கயிறு. "வுட்டுத் தொலைடி அத!" விடவில்லை. பின்னால் தெருவே ஓடிவருகிறது. நிலம் அதிர்ந்தது இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது. ஒரே வெடி. வெடிக்கு முன்னால் சங்கு ஊதவில்லை. குவாரியில் சங்கு ஊதாமல் வெடி வைக்க மாட்டார்கள். அப்படியென்றால் இது குவாரி வெடி இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"குண்டு போட்டுட்டான்! குழியில எறங்குங்க! குழியில எறங்குங்க!"

எழுபத்தொன்று டிசம்பர். கார்த்திகைக் கடைசி. அரியலூர்ப் பக்கம். பாகிஸ்தானோடு சண்டை. அது எங்கே நடக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ரேடியோ மேலத்தெரு டீக்கடையில் இருந்தது. எங்களுக்கு வெளியேதான் டீ. செய்தியில் பாதி காதில் விழும். பாதி பாய்லர் இரைச்சலில் போகும். விமானம் வந்தால் குழியில் படுக்க வேண்டும் என்பது காதில் விழுந்த பாதி. சண்டை எவ்வளவு தூரத்தில் என்பது விழாத பாதி.

குழி என்றால் எங்களுக்கு ஒரே குழிதான். சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டுக் கைவிட்ட பழைய குழி. மழையில் பாதி நிறைந்து கிடந்தது. மற்ற நாளில் பிள்ளைகளை அந்தப் பக்கமே விட மாட்டோம். இன்றைக்கு நாங்களே ஓடுகிறோம், கூறுகெட்டவர்கள்.

மேலத்தெருக்காரர்கள் ஓடவில்லை. கொல்லையில் நின்று பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று நின்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சரிவில் இறங்குகிறோம். வெள்ளைச் சேறு. கால் நிற்கவில்லை. அடுத்த வெடி. மேலே இருந்தவர்கள் அலறிக்கொண்டு எங்கள்மேல் சரிந்தார்கள். ஆடு மிரண்டு தண்ணீரில் பாய்ந்தது. பூவாயி கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். "அக்கா!" ஒரு தரம்தான். அவள் கை என் கையில் இருந்தது. பிறகு இல்லை.

குவாரி ஆட்கள் வடக்கயிறு போட்டு அவளை எடுத்தார்கள். ஆட்டுக் கயிறு அப்போதும் மணிக்கட்டில் இருந்தது. அவர்களில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா ஓடுனீங்க? சங்கு ஊதுனா விமானம் வருதுன்னு சனம் பயந்துடும், சண்ட முடியிற வரைக்கும் சங்கு கெடையாது, செவப்புக் கொடிதான்னு நேத்தே தண்டோரா போட்டாச்சே!"

எங்கள் தெருவில் எவரும் கேட்கவில்லை.

தண்டோரா போடுகிறவர் வேறு யாருமில்லை. என் சித்தப்பா மாரிமுத்து. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஈரப் புடவையோடு போய் நின்றேன். அடுப்புக்கு மேலே பறை தொங்கியது. காய்ந்திருந்தது.

"மேலத்தெரு பூரா போட்டுட்டேம்மா. நம்ம தெருவுக்கு வரையில மழ புடிச்சிக்கிச்சி. தோலு நனஞ்சிபோச்சி. சத்தமே வரல."

"வாயால சொல்லியிருக்கலாமில்ல சித்தப்பா?"

"பற அடிக்காம சொன்னா எவன் நம்புவான்? குடிச்சிட்டு ஒளர்றான்னுவாங்க. நம்ம தெருதான, விடிஞ்சி காஞ்சதும் போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் சொன்னதும் பொய் இல்லை. எங்கள் ஊரில் பறை அடித்துச் சொன்னால்தான் சேதி. மற்றதெல்லாம் வெறும் பேச்சு. ஆனால் குண்டு விழுந்தது என்று கத்தியவன் எந்தப் பறையும் அடிக்கவில்லை. அவனை நம்பி ஓடினோம்.

காரியம் முடிவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. அதற்குள் கதையும் தயாராகிவிட்டது. பாகிஸ்தான்காரன் குண்டு போட்டான், பூவாயி அதில் போனாள். குவாரிக்கு அது வசதி. சித்தப்பாவுக்கு வசதி. சண்டையில் செத்த பெண் எங்கள் தெருப்பெண் என்று சொல்லிக்கொள்வதில் தெருவுக்கும் ஒரு பெருமை. நான் ஒருத்திதான் கிணற்றடியில் சொன்னேன், குண்டு இல்லை, குவாரி வெடி, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று.

"பெத்தவங்க இல்லாதவள வளத்த சித்தப்பனையே காட்டிக் குடுக்குறாளே, இவ வெளங்குவாளா?"

அதோடு பேச்சு நின்றது. நான் வந்தால் கிணற்றடி காலியாகும். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் பழகினேன். தீபாவளிக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. சித்தப்பா சாகும்வரை என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவர்மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. பாவம், மழையில் நனைந்த மனிதர். குவாரிக்காரர்கள்மேல் ஆறவில்லை. வெடிக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. ஒருத்தன் நடந்து வந்து சொல்லியிருக்கலாம்.

எண்பதுகளில் ஒரு நாள் வெளியூர் வாத்தியார் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளைக் குழிக்கு அழைத்துவந்தார். இங்கேதான் குண்டு விழுந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. கரையில் நின்று கத்தினேன்.

"சார், அங்க குண்டு வுழல! எந்தங்கச்சி வுழுந்தா!"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கூட வந்த எங்கள் தெருக்காரர் வாத்தியார் காதில் ஏதோ சொன்னார். வாத்தியார் என்னைப் பாவமாகப் பார்த்துக் கும்பிட்டார். பிள்ளைகளை வேகமாக நடத்திக்கொண்டு போனார். ஒரு பிள்ளையாவது என்னிடம் வந்து கேட்கும் என்று இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

யாரும் கேட்காததால் இங்கே சொல்லிவைக்கிறேன். போனவை இவை. என் தங்கை பூவாயி, கல்யாணம் பேசி முடித்திருந்தவள். அவள் விடாமல் பிடித்திருந்த சினையாடு. சித்தப்பாவுக்கும் எனக்கும் இருந்த உறவு. தெருவில் எனக்கென்று இருந்த நாலு பேர். அந்தக் கார்த்திகையில் எங்கள் ஊரில் வானத்திலிருந்து விழுந்தது மழை மட்டும்.