மைக் கைமாற வேண்டிய ஞாயிறு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பீங்கான் கம்பெனியில் வேலை முடித்து வருகிறவர்கள். கைகளில் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம நான் சாட்சி சொல்ல மாட்டேன், ஸ்டெல்லா" என்றார் மூத்தவர்.

"ஏன்க்கா? உங்க வூட்டுக்காரரு பொழச்சி வந்திருக்காரு. சபையில எழுந்து நன்றி சொல்லணுமில்ல? பாஸ்டர் உங்க பேர எழுதிட்டாரு."

"வண்டி ஓட்டுனது எங்க வூட்டுக்காரரு. பின்னாடி ஒக்காந்து போயி செத்தது உன் வூட்டுக்காரரு. கர்த்தர் இவரக் காப்பாத்துனாருன்னு உன் முன்னாடியே நின்னு எப்பிடிடி சொல்லுவேன்? அப்போ உன் புருசன விட்டுட்டாரா?"

ஸ்டெல்லா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள், திரும்ப இழுத்தாள், மறுபடியும் தள்ளினாள்.

"நானும் தெனம் அதத்தான் கேக்கறேன். பதிலே வரல."

"அப்பறமும் எப்பிடி வாரம் தவறாம சபைக்கு வர்ற?"

"வேற யாருகிட்டப் போயி கேக்கறது? அவரும் சிலுவையில தொங்கறப்போ, 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு கத்துனவருதானே. நான் கத்துனா அவருக்குப் புரியும்."

மூத்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

"நீங்க சாட்சி சொல்லுங்கக்கா" என்றாள் ஸ்டெல்லா. "சொல்லி முடிச்சதும் மைக்க பாஸ்டர்கிட்ட குடுத்துடாதீங்க. எங்கிட்ட குடுங்க."