சுவிட்ச் நடுவுல இருக்குறப்ப

இல்லண்ணே, சத்தத்தப் பெருக்குற ஆம்ப்ப மாத்திப் பிரயோசனமில்ல. எங்க சர்ச்சுல ஜோ வாசிக்கிறப்ப வருதுல்ல அந்தச் சத்தம், அது கித்தார் வயித்துக்குள்ள இருக்கு. இதுக்காகவா எழுமலையில இருந்து பஸ் ஏறி வந்தீங்க? ஓ, ஜோவே அனுப்புனானா. எல்லாரையும் எங்கிட்டதான் அனுப்புறான், லாசர் அண்ணன் கைவேலைன்னு. நல்லவந்தான். அதான் பெரிய ரோதனை.

இந்தா, உங்க கித்தார் பிளேட்டக் கழட்டிட்டேன், பாருங்க. கம்பிக்குக் கீழ ரெண்டு இருக்குல்ல, அதுதான் பிக்கப். காந்தத்தச் சுத்தி முடி கணக்கா செம்புக் கம்பி சுத்திருக்கும். மேல கம்பி ஆடுனா இதுல கரண்டு ஆடும், அது வயர் வழியா ஆம்ப்புக்குப் போகும். இது வால்யூம் திருகு, இது டோன். டோனுக்கு அடியில சின்னதா ஒரு கெப்பாசிட்டர் தொங்குது பாருங்க. திருகக் கொறைச்சா கீச்சுன்னு வர்ற சத்தத்த மட்டும் எர்த்துக்கு இழுத்துட்டுப் போயிரும், மீதி மெத்துன்னு வரும். அம்புட்டுதான். ஆனா நீங்க கேக்குறது டோன்ல வராது. ரெண்டு பிக்கப்புல எது பேசணும்னு மாத்துற இந்தச் சுவிட்ச நடுவுல வைக்கிறப்ப வர்றது அது.

நடுவுல வச்சா ரெண்டு பிக்கப்பும் சேந்து பேசும். ஒழுங்கா வயர் போட்டிருந்தா சத்தம் தடியா வரும். ஏதாச்சும் ஒண்ணுல செவப்பையும் கறுப்பையும் மாத்திப் போட்டோம்னு வைங்க, ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்கும். பாதிச் சத்தம் செத்துரும். மெலிசா, மூக்கடைச்சவன் பேசுற மாதிரி இருக்கும். தனித்தனியா வாசிச்சா ஒரு கொறையும் தெரியாது.

ஜோவோடது அப்படித்தான் ஆகிப்போச்சு.

எங்க சபையில பன்னெண்டு வருசம் நாந்தான் கித்தார். அவன் வந்து ரெண்டே மாசம், பெருசுக மொதக்கொண்டு அவன் பக்கம் சாஞ்சிருச்சு. என் வீட்டம்மா ஐரின் கொயர்ல பாடுறவ. நான் வீட்டுல வாசிச்சா மிக்ஸியக்கூட நிறுத்த மாட்டா. அவன் வாசிச்சத போன்ல பிடிச்சு வச்சு, சமைக்கிறப்ப போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா. என்னன்னு கேக்குறது?

அந்த நேரத்துலதான் டோன் திருகு கரகரங்குதுண்ணேன்னு கித்தாரக் கொண்டாந்து குடுத்தான். சனிக்கிழமை. மறுநாள் அறுப்பின் பண்டிகை. பரவை மார்க்கெட்டுல வாங்குன வாழத்தாரு, பூசணியெல்லாம் சர்ச்சுப் பீடத்துக்கு முன்னாடி குமிச்சுக் கெடக்கு. ஐரினுக்குத் தனிப்பாட்டு. பின்னாடி ஜோ. பாட்டு எடுத்ததும் சுவிட்ச நடுவுல தள்ளுனான், சத்தம் சொத்தையா வந்துச்சு. குனிஞ்சு கித்தாரப் பாத்தான். நான் கடைசி பெஞ்சுல இருந்தேன். சுவிட்ச மாத்துவான், தடுமாறுவான்னு பாத்தா, மாத்தல. அந்தச் சத்தத்தையே வச்சுக்கிட்டு, கொஞ்சமா, விட்டு விட்டு வாசிச்சான். ஐரின் குரல் அப்படியே மேல வந்துச்சுண்ணே. சபையில ஒரு இருமல் கெடையாது.

வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டிக்கிட்டே சொல்றா, இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் என் குரல் எனக்கே கேட்டுச்சுன்னு. இத்தன வருசமும் அவ பின்னாடி வாசிச்சது யாருண்ணே?

சரி பண்ணிக் குடுக்கலயான்னா, மறுநாளே கூப்புட்டேன். வேணாம்ண்ணே, தானா அமைஞ்சது, கை வச்சிராதீங்கன்னுட்டான். இப்ப ஞாயித்துக்கிழமையில அவன் வாசிக்கிறான், அவ பாடுறா. நான் மைக் வயரச் சுத்தி வைக்கிறேன்.

என்ன கேட்டீங்க, கை தவறியா? அப்படித்தான் ஜோ நெனைக்கிறான். ஐரினும் அதேதான். நீங்களும் அப்படியே நெனச்சுட்டுப் போகலாம். ஆனா இருவது வருசமா சால்டரிங் அயர்ன் பிடிச்சு வயர் ஒட்டுறவனுக்கு செவப்பு எது கறுப்பு எதுன்னு தெரியாதாண்ணே. தெரிஞ்சுதான் மாத்தி வச்சேன். மறுநாள் அவன் வாசிக்கப்போறது ஐரின் பாட்டுக்குன்னும் தெரியும். அதனாலதான் வச்சேன்.

உங்களுதுலயும் மாத்தி வைக்கணுமா, இல்ல பிளேட்ட மூடிரவா?