வெட்டாத கூரை

பழைய கார்களில் கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு கதவில் இருக்காது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். அந்த மரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கதவைத் தேய்த்துச் சரிசெய்ய நினைப்பவர்கள் வேலை தெரியாதவர்கள்.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் விளக்கமாகச் சொல்கிறேன், மேடம். எனக்கு அதிகம் பேசிப் பழக்கமில்லை.

வேதியியல் படித்துவிட்டு, நாமக்கல்லில் ஜீவானந்தம் அண்ணனின் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் கலக்கச் சேர்ந்து, மரவேலையும் தகட்டு வேலையும் கற்றுக்கொண்டேன். அங்கே பழைய கார்களும் வரும். அப்படி வந்ததுதான் ராசப்பனின் கார். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஜமீன் வீட்டு வண்டி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கூரை கிடையாது. பின்னால் மூடிய அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்த அறையின் கூரை ஒரே தகடு. எங்கும் ஒட்டு இல்லை. யாரோ கையால் தட்டித் தட்டி வளைத்திருக்கிறார்கள்.

சட்டத்தை நிமிர்த்தினேன். கதவு இடுக்குகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினேன். ராசப்பன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறவர். தூசி பட்டால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். "காத்துகூட உள்ள வரக்கூடாது சாமி" என்றார். வரவில்லை.

வேலை முடிந்த பிறகு மகன் இளஞ்செழியனோடு வந்தார். மகனுக்குத் தை மாதம் கல்யாணம்.

"மாப்பிள்ள அழைப்புக்கு இந்த வண்டிதானுங்க. பின்னாடி கூரைய வெட்டி எடுத்துருங்க. உள்ள உக்காந்தா மாப்பிள்ள யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"வேண்டாம்ப்பா. கூரை இருந்தாத்தான் வண்டி அழகு. நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றார் இளஞ்செழியன்.

"டிரைவரு பக்கத்துல உக்கார நீ மாப்பிள்ளையா, கிளீனரா?"

பட்டறையே சிரித்தது. கூரையை வெட்டினால் சட்டம் விரிந்துவிடும், பிறகு எந்தக் கதவையும் சாத்த முடியாது என்று நான் எழுந்து சொன்னேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் முறை.

ராசப்பன் என்னைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, பட்டற உங்குளுதா, இந்தப் புள்ளயுதா?" என்று அண்ணனைக் கேட்டார். திங்கட்கிழமை வெட்டிவிடலாம் என்றார் அண்ணன். கேட்டபடி வெட்டிக் கொடுப்பதுதான் இங்கே தொழில்.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்றார்கள். என்னைத் தயார் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பின் அறையின் தரைப் பலகை ஒன்றை இறுக்காமல் விட்டேன். அதற்கு நேர் கீழே புகைக்குழாயைத் தளர்த்தினேன். மற்ற இடங்களில் காற்று புக வழியே இல்லை. அது என் வேலையின் தரம். புதுப் பசையின் வாடையில் புகை வாடை தெரியாது. உயிரை எடுக்கும் வாயுவுக்கோ வாடையே கிடையாது.

ராசப்பனின் டிரைவர் பச்சமுத்து அண்ணன் முன்னால் வெளிக்காற்றில் இருப்பார் என்பதையும் யோசித்தேன். நான் ஒன்றும் இரக்கமில்லாதவள் இல்லை.

ராசப்பன் மட்டும் போவதாகத்தான் பேச்சு. காலையில் இளஞ்செழியனும் வந்தார். முன்னால் ஏறப் போனவரை, "பனியில எதுக்குடா, உள்ள வா" என்று அப்பா கூப்பிட்டார். ஏறுவதற்கு முன் இளஞ்செழியன் கூரை விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அப்பாகிட்ட இன்னொருக்கா பேசிப் பாக்கறனுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அவர் பேசிப் பார்க்கும் ஆள்தான். ஜெயிக்கும் ஆள் இல்லை. கதவை நான் சாத்தினேன். சத்தமே வரவில்லை.

கண்ணாடி வழியே பார்த்த பச்சமுத்து அண்ணன், இரண்டு பேரும் தூங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். கோயில் வாசலில் கதவைத் திறந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வருத்தமில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எதற்கு வருத்தம்? கூரையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வண்டியை உங்கள் ஸ்டேஷன் வாசலில் பனியில் நிறுத்தியிருக்கிறீர்கள். மரம் ஈரம் குடிக்கும். ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். மற்றபடி நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இளஞ்செழியன் இருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பார்.